சிறுமூளையின் திருவூடல்

எங்கள் வீட்டில் பேத்திக்குச் சின்னம்மை வார்த்தபோது முதலில் மாறியது அவள் உடம்பன்று, எங்கள் பேச்சு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் அந்தச் சிறுமியை அதுவரை ‘வாடி, போடி’ என்று விரட்டிக்கொண்டிருந்த மருமகள், கொப்புளங்களைக் கண்ட அன்று மாலையே ‘வாங்க, சாப்பிடுங்க’ என்று பேசத் தொடங்கினாள். அம்மன் இறங்கியிருக்கும் உடம்பை ஒருமையில் அழைக்கக் கூடாது என்பது எதிர்வீட்டு அம்மாள் இட்ட சட்டம். அண்ணாமலையார் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்த நாள்முதல், பால் காய்ச்சுவதிலிருந்து பல்லி விழுவது வரை எல்லாவற்றுக்கும் அந்த அம்மாளிடம் ஒரு சட்டம் இருந்துவருகிறது. என் மனைவி வேலூரில் மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்ததால், அந்தச் சட்டங்களை எதிர்த்து வாதாட அப்போது எங்கள் வீட்டில் ஆள் இல்லை.

மருமகள் விலங்கியல் படித்தவள். முதல் நாளே ஊருக்குள் இருக்கும் குழந்தை மருத்துவரிடம் மகளைக் காட்டி, காய்ச்சலுக்கு மருந்தும் அரிப்புக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு லோஷனும் வாங்கி வந்திருந்தாள். அந்த லோஷனைப் பூசி, அது காய்ந்தபின் அதன்மேல் வேப்பிலைக் கொத்தால் வருடிவிட்டோம். மருத்துவமும் தெய்வமும் எங்கள் வீட்டில் ஒரே கட்டிலைப் பங்கிட்டுக்கொண்டன. இரண்டுக்கும் இடம் போதுமானதாகவே இருந்தது.

மற்றச் சட்டங்களும் ஒவ்வொன்றாக அமலுக்கு வந்தன. கடுகு தாளிக்கக் கூடாது, அது வெடிக்கும் ஓசை அம்மனுக்கு ஆகாது. மாமிசம் வீட்டிலும் கூடாது, வெளியிலும் கூடாது. வெளியாள் உள்ளே வரக் கூடாது. இதில் எதிர்வீட்டு அம்மாள் தமக்குத் தாமே விலக்கு அளித்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மன் கேட்டதை மறுக்கக் கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தின் முழுப் பொருளையும் எங்களுக்கு முன்னால் விளங்கிக்கொண்டவள் பேத்திதான். தர்பூசணி கேட்டாள், வந்தது. கைப்பேசி கேட்டாள், அதுவும் வந்தது. கணக்குப் புத்தகத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கச் சொன்னாள், அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. கலெக்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் மகன், கட்டிலின் கால்மாட்டில் கைகட்டி நின்று, “தாயே, இன்னும் ஒரு வாய் மோர் குடிங்க” என்று கெஞ்சியதை நான் பார்த்திருக்கிறேன். தன் மேலதிகாரி முன்னாலும் அவன் அவ்வளவு பணிவாக நின்றிருக்க மாட்டான். அதற்குத் தெய்வம் அளித்த மறுமொழி, “கார்ட்டூன் மாத்துனா குடிக்கிறேன்” என்பது.

இப்படியே மூன்றாம் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை மூன்றாம் முறையாகத் தலைக்கு ஊற்றிவிட்டால் அம்மன் மலையேறிவிட்டாள் என்று பொருள். கொப்புளங்கள் வாடிப் பொருக்குத் தட்டியிருந்தன. காய்ச்சல் இல்லை. எதிர்வீட்டு அம்மாள் கற்பூரம் ஏற்றி வழியனுப்பி வைத்தார். அன்று மாலையே கணக்குப் புத்தகம் மேல்தட்டிலிருந்து இறங்கியது. மருமகளின் பேச்சில் ‘டி’ திரும்பி வந்தது. அரியணை இழந்த அரசியைப்போல் பேத்தி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

பள்ளிக்குத் திரும்பவேண்டிய நாளுக்கு முந்தைய நாள் காலையில்தான் அது தொடங்கியது. படுக்கையிலிருந்து எழுந்தவள், கால்களை அகட்டி வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி வந்தாள். பால் தம்ளரை எடுக்கப் போன கை தம்ளரைத் தாண்டிச் சென்று சர்க்கரை டப்பாவைத் தட்டிவிட்டது. பேச்சும் சற்றுக் குழறியது. மருமகள் அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்கூலுக்குப் போகணும்னா கால் ஆடுதா, இந்த நடிப்பெல்லாம் வேற எங்கியாவது வெச்சிக்கோ என்றாள். மகனும் சிரித்தான். முந்தைய வாரம் முழுவதும் அவள் நிகழ்த்திய ஆட்சியைக் கண்டவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? பதவி போன வருத்தத்தில் ஒரு நாள் நீட்டிப்புக் கேட்கிறாள் என்றே வீடு முழுவதும் எடுத்துக்கொண்டது.

பிறகு அவள் புத்தகப் பையை எடுக்கக் குனிந்தாள். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். அவள் அழவில்லை. தன் காலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, நான் சொல்றத என் காலு கேக்க மாட்டேங்குது.”

அந்தக் குரலில் நடிப்பு இல்லை. மருமகளின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இந்தக் குழந்தை இனி நேராக நடப்பாளா என்ற கேள்வி அந்தக் கணத்தில் எங்கள் மூவர் நெஞ்சிலும் ஒருசேர விழுந்தது. ஒருவரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

விழுந்த ஓசை கேட்டு எதிர்வீட்டு அம்மாள் வந்துவிட்டார். குழந்தையை நிற்கவைத்து ஒருமுறை பார்த்தார். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மன் போகவில்லை, வழியனுப்பியும் வாசலிலேயே நிற்கிறாள், இந்த வீட்டில் யாரோ அவளுக்குக் குறை வைத்திருக்கிறீர்கள் என்றார். “யாரு இன்னா பண்ணீங்கன்னு இப்பவே சொல்லிடுங்க. மறைச்சா ஜாஸ்தியாயிடும்.”

அதன்பின் எங்கள் கூடத்தில் நிகழ்ந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. அன்று ஒருவரும் சிரிக்கவில்லை. முதலில் மருமகள் கண்ணீர் மல்க, இரண்டாம் தண்ணீருக்கு மறுநாள் ரசத்துக்குக் கடுகு தாளித்ததாக ஒப்புக்கொண்டாள். ஓசை வெளியே வராதபடி ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாக வைத்து, வாணலியைத் தட்டால் மூடித்தான் தாளித்தாளாம். “ரசத்துக்குக் கடுகு இல்லன்னா அது ரசமா மாமா?” என்று என்னையே கேட்டாள்.  அடுத்து மகன், அலுவலகத்தில் ஒருவர் பதவி உயர்வுக்கு விருந்து வைத்தார் என்று தொடங்கினான்.

மருமகளின் அழுகை சட்டென்று நின்றது. “பிரியாணியா?”

“பிரியாணி இல்ல. குஸ்காதான். பீஸ் ஒண்ணு கூட எடுக்கல.”

பீஸ் எடுக்காத குஸ்காவும் பிரியாணி அண்டாவிலிருந்துதானே வருகிறது என்பதுபற்றிக் கணவனும் மனைவியும் வழக்காடத் தொடங்கினார்கள். எதிர்வீட்டு அம்மாள் கையமர்த்தினார். கடுகும் குஸ்காவும் சின்னக் குறைகள், அதற்கெல்லாம் இவ்வளவு ஆட்டம் இருக்காது, பெரிதாக ஏதோ இருக்கிறது என்றார். மூவர் பார்வையும் என்மேல் திரும்பியது.

என்னிடம் ஒப்புக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை. அம்மை வார்த்த நாள்முதல் உப்புக் குறைத்து ஒருவேளை உண்டு, தலையில் எண்ணெய் படாமல், விடியலில் குளித்து, வழக்கம்போல் பூசையறையில் அமர்ந்து பதிகம் பாடிவந்தேன். அதைச் சற்றுப் பெருமையாகவே சொன்னேன். எதிர்வீட்டு அம்மாளின் கண்கள் விரிந்தன.

“தெனமும் யாரப் பத்திப் பாடனீங்க?”

யாரைப் பற்றிப் பாடுவேன்? இளமையில் மடத்தில் ஓதுவாராகப் பயின்ற நாள்முதல் நான் பாடிவருவது இந்த மலையாக நிற்கும் எந்தையைத்தான்.

எதிர்வீட்டு அம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டார். எங்கள் ஊரில் பொங்கல் கழிந்ததும் திருவூடல் நடக்கும். அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மைக்கும் பிணக்கு வந்து, வீதியிலே இருவரும் முகம் திருப்பி, அம்மன் மட்டும் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அதற்கென்று ஒரு தெருவே இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இந்த நுட்பம் எனக்குத் தெரியவில்லையே என்று அவர் வருந்தினார். அம்மா விருந்தாளியாக வந்து வீட்டில் படுத்திருக்கிறாள். அவள் காதுபட, காலையும் மாலையும் அவள் வீட்டுக்காரரைப் பற்றியே ஒருவர் புகழ்ந்து பாடிக்கொண்டிருந்தால் அவள் மனம் என்ன பாடுபடும் என்றார்.

நான் விடவில்லை. எந்தை தன் உடம்பில் ஒரு பாதியை அம்மைக்கே கொடுத்தவன். நான் பாடும் பதிகங்களில் அம்மையைச் சொல்லாத பதிகமே இல்லை. ஆகவே அவனைப் பாடுவது அவளையும் பாடுவதே என்று சாத்திர முறைப்படி நிறுவினேன்.

“பாதி தானேங்க சொல்றீங்க. அவங்களுக்குன்னு முழுசா ஒரு பாட்டு பாடனீங்களா?”

இதற்கு மறுமொழி சொல்லும் பயிற்சி எனக்கு எந்த மடத்திலும் கிடைக்கவில்லை.

பரிகாரமாக, அம்மனுக்குத் தாலாட்டுப் பாடும்படி எனக்கு விதிக்கப்பட்டது. எனக்கு அந்த வகைப் பாட்டு ஒன்றும் தெரியாது. எதிர்வீட்டு அம்மாள் அவராகவே ஒரு மெட்டில் இரண்டு வரி சொல்லிக்கொடுத்தார். நான் கைத்தாளத்தை எடுத்துக்கொண்டு, கட்டிலருகே உட்கார்ந்து, அதை என் பழக்கப்படி ஒரு பண்ணில் ஏற்றி, இழுத்துப் பாடினேன். பேத்தி கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டாள். பிறகு, தாத்தா பாடினால் தாலாட்டு அழுகிற மாதிரி இருக்கிறது, எதிர்வீட்டுப் பாட்டியையே பாடச் சொல்லுங்கள் என்றாள். அந்த நிலையிலும் அவளுக்கு இசையறிவு குன்றவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவள் கட்டிலை விட்டு இறங்கி நின்றாள். உடம்பு அசைந்தது.

“பாட்டு பட்டவொடனே ஆடறாங்க பாருங்க” என்று எதிர்வீட்டு அம்மாள் கைகூப்பினார். மகனும் கைகூப்பினான். நானும் கூப்பியிருப்பேன், கையில் தாளம் இருந்தது. தாளத்தை விடாமல் அவளையே பார்த்தேன்.

ஏதோ உறுத்தியது. கூத்திலும் திருவிழாவிலும் அருள் வந்து ஆடுபவர்களை நான் பல ஊர்களில் பார்த்திருக்கிறேன். உடுக்கை விரைந்தால் ஆட்டம் விரையும், நின்றால் நிற்கும். எவ்வளவு வேகமானாலும் ஓர் அடி பிசகாது. இந்தக் குழந்தையின் அசைவோ ஒரு தட்டிலும் விழவில்லை. நான் வேகத்தைக் கூட்டினேன். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. தாளத்தை நிறுத்தினேன், அவள் உடம்பு நிற்கவில்லை. கைத்தாளத்தை அவளிடம் நீட்டி, நாள்தோறும் என் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுவதுபோல் தட்டச் சொன்னேன். ஒரு கையிலிருந்த தாளம் மற்றக் கையிலிருந்த தாளத்தைத் தேடிப்போய், கண்டுபிடிக்காமல், காற்றில் கடந்து போயிற்று. என்னோடு உட்கார்ந்து ஒரு நாளும் தட்டுத் தவறாதவள் அவள்.

“இது அம்மன் இல்லம்மா” என்றேன். “அம்மன் தாளம் தப்ப மாட்டா.”

 கடுகைப் பற்றி, குஸ்காவைப் பற்றி, என் பதிகங்களைப் பற்றி எதையும் நம்பக்கூடிய எதிர்வீட்டு அம்மாளால் அம்மனுக்குத் தாளம் தப்பும் என்று மட்டும் நம்ப முடியவில்லை. “அது வாஸ்தவந்தான்” என்று முனகினார். மருமகள் அதற்குள் கைப்பையை எடுத்துவிட்டாள்.

அன்று பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் வெயிலிலேயே ஊரை நிறைத்திருந்தது. ஆட்டோ கொஞ்ச தூரம் போனதுமே தடுப்பு வைத்து நிறுத்திவிட்டார்கள். மகன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். அடையாள அட்டையைக் காட்டினான்; அவசரம் என்றான்; டாக்டரிடம் போகிறோம் என்றான். மலையைப் பார்த்தபடி நடந்துவந்த கூட்டம் அசையவில்லை. துணைக்கு வந்தே தீருவேன் என்று எங்களோடு கிளம்பியிருந்த எதிர்வீட்டு அம்மாள், இடுப்பில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்தை எடுத்து உயர்த்திப் பிடித்தார். “வழி வுடுங்கப்பா, அம்மா வராங்க” என்றார். ஆற்றைப் பிளந்ததுபோல் வழி பிறந்தது. சிலர் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு பெண்மணி என் மகனின் தோளில் தொங்கிய சிறு பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மன் இல்லை என்று சற்றுமுன் தீர்ப்பளித்த நான், அம்மன் பெயரால் கிடைத்த வழியில் தலைகுனிந்து பின்னால் நடந்தேன்.

மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. அவசரப்படாதவர். முதலில் காய்ச்சல் உண்டா, வாந்தி உண்டா, தலைவலி உண்டா, எழுப்ப முடியாத தூக்கம் உண்டா, வலிப்பு வந்ததா என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றோம். குழந்தையின் கண்முன்னே பேனாவை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். தன் விரலைத் தொட்டுவிட்டு மூக்கைத் தொடச் சொன்னார். பேத்தியின் விரல் மூக்கைத் தேடிப் போய்க் கன்னத்தில் முட்டியது. அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். மருமகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு கோட்டின்மேல் நடக்கச் சொன்னபோது இரண்டாம் அடியிலேயே மருத்துவர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

“நடப்பாளா டாக்டர்?” காலையிலிருந்து ஒருவரும் கேட்காததை மருமகள்தான் கேட்டாள்.

“நடப்பா. கொஞ்ச வாரம் ஆகும்.”

அப்புறம் விளக்கினார். தலையின் பின்பக்கம் கீழே சிறுமூளை இருக்கிறது. கையும் காலும் பேச்சும் அளவோடு அசைவது அதன் பொறுப்பு. சின்னம்மை வாடும் சமயத்தில், அரிதாகச் சில குழந்தைகளுக்கு அது இப்படிப் பாதிக்கப்படும். “அம்மைக் கிருமிய அடிக்கப் போன உடம்போட காவல்காரங்க, அடையாளம் தெரியாம நம்ம சிறுமூளையவே அடிச்சிட்டாங்கன்னு வெச்சிக்கங்க.” பெரும்பாலும் தானாகவே முழுவதும் சரியாகிவிடும் என்றும், சில சமயம் மூளையே வீங்கும் வேறொரு கடுமையான தொல்லை வரக்கூடும் என்பதால்தான் காய்ச்சலையும் தூக்கத்தையும் பற்றி அவ்வளவு கேட்டதாகவும், அந்த அறிகுறி ஒன்று தோன்றினாலும் நேரம் பார்க்காமல் தூக்கிவர வேண்டும் என்றும் சொன்னார். எதற்கும் மறுநாள் வரை அங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார்.

எதிர்வீட்டு அம்மாள் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். “அப்ப சொந்த வூட்டு ஆளுங்களுக்குள்ளயே சண்ட. ஊடல் மாதிரின்னு சொல்லுங்க.”

மருத்துவர் இந்த ஊர்க்காரர்தான் போலும். முகத்தில் சிரிப்பே காட்டாமல், “ஆமாம்மா, ஊடல்தான். தூது போக யாரும் வேணாம், அவங்களே சமாதானமாயிடுவாங்க” என்றார். அன்றிலிருந்து இன்றுவரை எதிர்வீட்டு அம்மாள் தமது கூற்றை அறிவியல் ஏற்றுக்கொண்டதாகவே தெருவில் சொல்லிவருகிறார்.

மறுநாள் வீட்டுக்கு வந்தோம். அடுத்த வாரங்களில் எங்கள் கூடம் பயிற்சிக்களம் ஆயிற்று. மகன் மேசை நாற்காலிகளை அகற்றி, சுவரோரம் வரிசையாகத் தலையணைகளைச் சாத்தினான். பேத்தி கால்களை அகட்டி வைத்து, இரு கைகளையும் விரித்து, கயிற்றின்மேல் நடப்பவளைப்போல் நடந்தாள். அவள் பின்னால் நான் கைகளை ஏந்திக்கொண்டே நடந்தேன். அவள் இடப்பக்கம் சாய்ந்தால் நானும் இடப்பக்கம் ஓடுவேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. தம்ளரில் பால் பாதியளவே ஊற்றப்பட்டது. கைத்தாளப் பயிற்சியும் தொடர்ந்தது. அவள் தட்டுகிற இடத்தில் நான் பாட்டை நிறுத்திக் காத்திருந்து பிறகு தொடர்ந்தேன். பதிகங்கள் அந்த நாட்களில் அடைந்த வடிவத்தை வேறெந்த ஓதுவாரும் கேட்டிருக்க முடியாது. எதிர்வீட்டு அம்மாள் தம் பங்குக்குக் கேழ்வரகுக் கூழ் காய்ச்சி ஊற்றினார். மகன் குஸ்கா உண்ணலாமா என்று அவரிடம் நாசூக்காகக் கேட்டான். கூடாது என்று தீர்ப்பு வந்தது.

சில நாட்கள் முன்னேற்றமே இராது. அப்போதெல்லாம் மருமகள் கடுகு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பாள். பூசையறையில் நான் நீண்ட நேரம் உட்கார்ந்திருப்பேன். என் வயதில் கேட்டுப் பெற வேண்டியது முத்தி என்பார்கள். நான் கேட்டது ஒரு சிறுமிக்கு இரண்டு நேரான கால்களை.

பேச்சுத்தான் முதலில் தெளிந்தது. வாய் திருந்தியதும் அவள் செய்த முதல் காரியம், கூழ் போதும் என்று தெளிவாக உச்சரித்தது. பிறகு கை. பால் தம்ளர் முழு அளவுக்கு உயர்ந்தது. கடைசியாக, தலையணைகளின் துணை தேவைப்படாத ஒரு நாளில் மருத்துவர் திரும்ப வரச்சொன்ன தேதி வந்தது. எதிர்வீட்டு அம்மாளும் வந்தார். அவர் வராமல் இருந்திருந்தால்தான் நாங்கள் கவலைப்பட்டிருப்போம்.

விரல், மூக்கு, விரல், மூக்கு: பிசகவில்லை. இப்போது நடக்க வேண்டும். தரையில் இரண்டு வரிசை ஓடுகள் சேரும் கோட்டைக் காட்டி, ஒரு காலின் குதிகால் மற்றக் காலின் விரல்நுனியைத் தொடும்படி, அடிமேல் அடி வைத்து அதன்மீது வரச் சொன்னார் மருத்துவர். பேத்தி கோட்டின் முனையில் நின்றாள். மகன் நகத்தைக் கடித்தான். மருமகள் என் மேல்துண்டின் நுனியைத் தன்னையறியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை வந்தாள். நடுவே ஓரிடத்தில் தோள் சற்று அசைந்தது. எங்கள் எல்லாருடைய தோள்களும் அசைந்தன. அவள் நின்று, சரிசெய்துகொண்டு, மேலும் வந்து, சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“முடிஞ்சுது. ஸ்கூலுக்கு அனுப்பலாம்” என்றார் மருத்துவர்.

மருமகள் உட்கார்ந்துவிட்டாள். மகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். எதிர்வீட்டு அம்மாள் வாய்க்குள் எதையோ சொல்லித் திருநீறு எடுக்கப் பையைத் துழாவினார்.   என்னையே பார்த்துக்கொண்டிருந்த பேத்தி, தாத்தாவும் நடக்கட்டும் என்றாள்.

பெரியவர்களுக்கு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அத்தனை வாரம் அவள் பின்னால் நடந்தவன், முன்னால் நடந்துதான் காட்டுவோமே என்று நானும் வேட்டியைச் சற்றுத் தூக்கிக்கொண்டு கோட்டின்மேல் நின்றேன். முதல் அடி வந்தது. இரண்டாம் அடியில் குதிகாலும் விரல்நுனியும் ஒன்றையொன்று மறுத்தன. மூன்றாம் அடியில் நான் மருத்துவரின் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அதிலிருந்த பேனாக் குவளை உருண்டது.

இது வயசுதான், கவலைப்பட ஒன்றும் இல்லை என்றார் மருத்துவர். பேத்தி அதை ஏற்கவில்லை. தன்னைத் திரும்ப வரச்சொன்னபோது அவர் காட்டிய அதே முகபாவத்தோடு, தாத்தா எந்தத் தேதியில் திரும்ப வரவேண்டும் என்று அவரிடம் கேட்டாள்.